ரூபாயில் சம்பாதித்து யூரோவில் வாழ்வது

கேள்வி இதுதான். கோவையில் இருக்கும் ஒரு பெண், வலைத்தளமும் லோகோவும் வடிவமைத்துக் கொடுக்கும் ஃப்ரீலான்சர். மாதம் 70,000 ரூபாய் அளவுக்கு வருகிறது, கிளையன்ட்டுகள் எல்லாரும் கோவை, திருப்பூர்க்காரர்கள். கணவருக்கு ஜெர்மனியில் ப்ளூ கார்டோடு (படித்த வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி அட்டை) வேலை கிடைத்திருக்கிறது, ஆகஸ்டில் குடும்பத்தோடு கிளம்புகிறார்கள். "லேப்டாப்பும் இன்டர்நெட்டும் இருந்தால் அங்கிருந்தே இதே வேலையைச் செய்யலாம்தானே? பணம் என் இந்தியக் கணக்குக்குத்தான் வருகிறது, வரியும் இங்கேயே கட்டிவிடுகிறேன். ஜெர்மனியில் இதை யாரிடமாவது சொல்ல வேண்டுமா?" என்று கேட்கிறார்.

செய்யலாம். சொல்லவும் வேண்டும். கேள்வியின் முதல் பாதிக்குப் பதில் எளிது, இரண்டாம் பாதியில்தான் நம்மவர்கள் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள்.

நானும் இப்படி வந்தவள்தான். நியூரம்பர்க் பக்கத்தில் எர்லாங்கனில் ஆறு வருடமாக இருக்கிறேன். சென்னைப் பதிப்பகங்களுக்குப் பக்க அமைப்பும் அட்டையும் செய்து கொடுக்கிறேன். வந்த புதிதில் எனக்கும் இதே நினைப்புதான்: கிளையன்ட் சென்னையில், பணம் சென்னையில், புத்தகம் விற்பதும் சென்னையில், ஆக வேலையும் சென்னையில்தான் நடக்கிறது. வரிச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. உங்கள் நாற்காலி எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊரில்தான் வேலை நடக்கிறது. யார் பணம் கொடுக்கிறார், எந்தக் கணக்குக்குப் போகிறது என்பதெல்லாம் அப்புறம்.

முதலில் விசா. இதில் உங்களுக்கு அதிர்ஷ்டம் இருக்கிறது. ப்ளூ கார்டுக்காரரின் மனைவியாக வருகிறவருக்குக் கொடுக்கும் அட்டையில் 'எர்வெர்ப்ஸ்டேட்டிக்கைட் எர்லாவுப்ட்' என்று எழுதியிருக்கும். சம்பாதிக்கும் வேலைக்கு அனுமதி உண்டு என்று அர்த்தம். சம்பள வேலை, சொந்தத் தொழில் இரண்டும் இதில் அடங்கும், தனியாக யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. அட்டை கைக்கு வந்ததும் அந்த வரி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்குக் கிடைக்கும் இந்த வசதியை வைத்து மற்ற நாடுகளையும் எடைபோட வேண்டாம். அமெரிக்காவில் எச்-4 விசாவில் இருக்கும் மனைவி, தனியே வேலை அனுமதி அட்டை வாங்காமல் இந்தியாவுக்கு வேலை செய்தாலும் சிக்கல்தான். சிங்கப்பூரில் டிபெண்டன்ட் பாஸ் வைத்திருப்பவர் வேலை செய்ய 2021 மே மாதத்திலிருந்து தனி வேலை பாஸ் கேட்கிறார்கள். பிரிட்டனில் துணைவராகப் போனால் சொந்தத் தொழிலும் செய்யலாம். உங்கள் தோழி ஒருத்தி நியூ ஜெர்சியிலிருந்து "நான் பாட்டுக்குச் செய்கிறேன், யார் கேட்கிறார்கள்" என்று சொல்லியிருந்தால், அது அவளுடைய துணிச்சல். சட்டம் அப்படிச் சொல்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். கணவர் இல்லாமல், ஃப்ரீலான்சராகவே ஜெர்மனிக்கு விசா வாங்கலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. அப்படி ஒரு விசா இருக்கிறது. ஆனால் உங்கள் வேலைக்கு இங்கே தேவை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கிளையன்ட் அத்தனை பேரும் திருப்பூரில் என்றால் அந்தக் கதவு திறப்பது கடினம்.

சரி, வந்து இறங்கியாயிற்று. முதலில் நகராட்சியில் வீட்டு முகவரியைப் பதிய வேண்டும். பதிந்த சில வாரங்களில் 11 இலக்க வரி அடையாள எண் தபாலில் வரும். தொழில் செய்ய அது போதாது. எல்ஸ்டர் என்ற அரசு வரித் தளத்தில் ஒரு நீண்ட வினாப் படிவத்தை நிரப்பி அனுப்பினால், ஃபினான்ஸ்ஆம்ட், அதாவது நம்மூர் வருமான வரி அலுவலகம் மாதிரி, தொழிலுக்கென்று தனி எண் கொடுக்கும். தொழில் தொடங்கி ஒரு மாதத்துக்குள் இதைச் செய்ய வேண்டும். எல்ஸ்டரில் கணக்குத் திறப்பதற்கான குறியீடு எதில் வரும் தெரியுமா? காகிதக் கடிதத்தில், தபால்காரர் கையில். டிஜிட்டல் தளத்துக்குள் நுழைய நான் ஒரு வாரம் தபால் பெட்டியை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: இந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் எவ்வளவு லாபம் எதிர்பார்க்கிறீர்கள்? நம் ஊர்ப் பழக்கத்தில், அரசாங்கத்திடம் கொஞ்சம் கௌரவமாகத் தெரியட்டுமே என்று நான் பெரிய தொகையாகப் போட்டுவிட்டேன். அடுத்து வந்த கடிதத்தில் மார்ச் 10, ஜூன் 10, செப்டம்பர் 10, டிசம்பர் 10 என்று நான்கு தேதி போட்டு, ஒவ்வொன்றுக்கும் முன்பணமாக வரி கட்டச் சொல்லியிருந்தார்கள், நான் இன்னும் ஒரு பில்கூட அனுப்பாத நிலையில். எழுதிக் கேட்டால் குறைப்பார்கள், எனக்கும் குறைத்தார்கள், ஆனால் முதலிலேயே உள்ளபடி எழுதியிருந்தால் அந்தக் கடிதப் போக்குவரத்தே தேவைப்பட்டிருக்காது.

அதே படிவத்தில் நீங்கள் எந்த வகைத் தொழில் என்றும் வரும். ஜெர்மனியில் இதில் இரண்டு சாதி. எழுத்தாளர், மொழிபெயர்ப்பாளர், பொறியாளர், கலைஞர் மாதிரி ஆட்கள் ஃப்ரைபெருஃப்ளர், அவர்களுக்கு ஃபினான்ஸ்ஆம்டில் பதிந்தால் போதும். மற்றவர்கள் கெவெர்பெ, அதாவது வணிகத் தொழில், அவர்கள் நகராட்சியின் தொழில் அலுவலகத்திலும் சின்னக் கட்டணம் கட்டிப் பதிய வேண்டும். லோகோ வரைவதைக் கலை என்று பார்க்க இடமுண்டு, ஆயத்த டெம்ப்ளேட்டில் வலைத்தளம் ஏற்றிக் கொடுப்பதைக் கலை என்று சொல்வது கஷ்டம். முடிவு ஃபினான்ஸ்ஆம்ட் கையில். கெவெர்பெ என்று ஆகிவிட்டால் பயப்படவும் வேண்டாம். அதற்கான தனி வரி ஆண்டு லாபம் 24,500 யூரோவைத் தாண்டினால்தான் ஆரம்பிக்கும்.

பில்லில் 19 சதவீத மதிப்புக் கூட்டு வரி போட வேண்டுமா? வேண்டாம். வேலையை வாங்குபவர் வெளிநாட்டில் இருக்கும் ஒரு நிறுவனம் என்றால், அந்தச் சேவை அவர் ஊரில் நடந்ததாகத்தான் இந்த வரிக்கு மட்டும் கணக்கு. வருமான வரிக்கு நாற்காலி, மதிப்புக் கூட்டு வரிக்கு வாடிக்கையாளர். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இதன் மறுமுனை இந்தியாவில் இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

இப்போது, யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம்: மருத்துவக் காப்பீடு.

உங்கள் கணவர் அரசு சார்ந்த காப்பீட்டில் சேர்ந்தால், வருமானம் இல்லாத மனைவியும் குழந்தைகளும் அவர் சந்தாவிலேயே தனிக் காசு இல்லாமல் சேர்ந்துகொள்ளலாம். அருமையான ஏற்பாடு. ஆனால் மனைவியின் வருமானத்துக்கு அதில் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். 2024இல் அது மாதம் 505 யூரோ, 2025இல் 535, 2026இல் 565. பில் தொகை இல்லை, செலவு போக வரும் லாபம். அந்தக் கோட்டைத் தாண்டினால், அல்லது சொந்தத் தொழிலே உங்கள் முழுநேரத் தொழில் என்று காப்பீட்டு நிறுவனம் முடிவு செய்தால், குடும்பக் காப்பீட்டிலிருந்து வெளியே வந்து நீங்களே தனியாகச் சந்தா கட்ட வேண்டும். அந்தச் சந்தாவுக்கு ஒரு குறைந்தபட்ச அளவு உண்டு: எவ்வளவு கொஞ்சமாகச் சம்பாதித்தாலும் 1,300 யூரோவுக்குச் சற்று மேல் சம்பாதிப்பதாக வைத்துக் கணக்குப் போடுவார்கள். பராமரிப்புக் காப்பீட்டையும் சேர்த்து மாதம் 250இலிருந்து 280 யூரோ வரை வரும்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1 யூரோவுக்கு 100 ரூபாய் என்று வையுங்கள். 70,000 ரூபாய் என்றால் 700 யூரோ. கோடு 565. தாண்டிவிட்டீர்கள். காப்பீட்டுக்கு 270 போனால் மிச்சம் 430. அடுத்து வருமான வரி. தனி ஆளுக்கு 2026இல் 12,348 யூரோ வரை வரி இல்லை என்பதைப் பார்த்துவிட்டு, "நான் வருடத்துக்கு 8,400தானே, எனக்கு வரியே கிடையாது" என்று சந்தோஷப்படுவார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து கணக்குக் காட்டும்போது இருவர் வருமானத்தையும் கூட்டி, பாதியாக்கி, அதற்கு வரி போட்டு, இரண்டால் பெருக்குவார்கள். கணவருக்கு இது பெரிய லாபம். ஆனால் நீங்கள் சம்பாதிக்கும் முதல் யூரோவே அவர் சம்பளத்தின் உச்சியில் போய் உட்காருகிறது. அவர் சம்பளத்தைப் பொறுத்து அதில் கால்பங்கோ மூன்றில் ஒரு பங்கோ வரிக்குப் போகும். காப்பீட்டுச் சந்தாவைக் கழித்துக் காட்டலாம் என்பது ஆறுதல். கடைசியில் கையில் நிற்பது 300 யூரோ சொச்சம்.

அதாவது கோவையில் 70,000 ரூபாய் சம்பாதித்து, வாடகையும் கொடுத்து, கொஞ்சம் சேமிக்கவும் செய்த அதே வேலை இங்கே 300 யூரோ. எர்லாங்கனில் எங்கள் பையனுக்கு நீச்சல் வகுப்பும், மாதாந்திர பஸ் பாஸும், இரண்டு வார மளிகையும் வாங்கினால் தீர்ந்துவிடும்.

இதைப் பார்த்துவிட்டு இரண்டு விதமாக முடிவு எடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஒன்று, லாபத்தை 565க்குக் கீழேயே வைத்துக்கொள்வது: ஒரு கிளையன்ட்டை விட்டுவிட்டு, வாரம் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் மட்டும் வேலை, மீதி நேரம் ஜெர்மன் வகுப்பு. முதல் வருடத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன். வேலையும் கை விட்டுப் போகாது, காப்பீடும் போகாது, மொழியும் வரும். இன்னொன்று, துணிந்து மேலே போவது: விலையை உயர்த்துவது, இங்கேயே ஒன்றிரண்டு வாடிக்கையாளர் பிடிப்பது, காப்பீட்டுத் தொகையைத் தொழில் நடத்தும் செலவாக நினைத்துக்கொள்வது. நடுவில், 600க்கும் 900க்கும் இடையில் நிற்பதுதான் மோசம். உழைப்பு கூடும், கைக்கு வருவது குறையும். கணவர் தனியார் காப்பீட்டில் சேர்ந்தால் இந்தக் கணக்கே மாறிவிடும், அங்கே மனைவிக்கு முதல் நாளிலிருந்தே தனிச் சந்தாதான்.

இனி இந்தியப் பக்கம்.

நீங்கள் கிளம்பும் வருடத்தில் இந்திய வருமான வரிக்கு உள்ளூர்க்காரரா வெளிநாட்டுவாசியா என்பது நாள் கணக்கு. ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான ஆண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால் நீங்கள் வசிப்பவர்தான். வெளிநாட்டில் வேலைக்கென்று கிளம்புகிறவருக்கு இந்த 182 மட்டும் பார்த்தால் போதும். மற்றவர்களுக்கு 60 நாள் என்ற இன்னொரு கோடும் உண்டு, முந்தைய நான்கு ஆண்டுகளில் 365 நாள் இருந்திருந்தால் அது பிடிக்கும். நீங்கள் துணைவியாகப் போகிறீர்களா, தொழில் செய்யப் போகிறீர்களா என்று ஒருவர் கேள்வி எழுப்ப இடம் இருப்பதால், கிளம்பும் ஆண்டுக்கு மட்டும் நல்ல ஆடிட்டர் ஒருவருக்குக் காசு கொடுத்துவிடுங்கள். அடுத்த ஆண்டிலிருந்து குழப்பம் இல்லை.

வங்கி விஷயத்துக்கு நாள் கணக்கு கிடையாது. வெளிநாட்டில் குடியிருக்கப் போகிறேன் என்று கிளம்பினாலே அந்நியச் செலாவணிச் சட்டப்படி நீங்கள் என்.ஆர்.ஐ. இப்போது வைத்திருக்கும் சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக, அதாவது வெளிநாட்டில் வசிப்பவருக்கான ரூபாய்க் கணக்காக மாற்ற வேண்டும். பத்து வருடமாக மாற்றாமலே வைத்திருக்கிறேன் என்று பெருமையாகச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பிடிபடாதவரைக்கும் பெருமைதான். இந்தியாவில் வரும் ரூபாய் வரவெல்லாம் என்.ஆர்.ஓ.வில் வரலாம், வரி கட்டியதற்கான தாள்களோடு அதிலிருந்து ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை வெளியே கொண்டுபோகலாம். உங்களுக்கும் எனக்கும் அந்த வரம்பு ஒரு பொருட்டே இல்லை.

அதைவிட முக்கியம், உங்கள் கிளையன்ட் செய்ய வேண்டியவை மாறிவிடுகின்றன. இப்போது அவர் உங்கள் பில்லில் டி.டி.எஸ்., அதாவது முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரியைப் பிடித்துவிட்டு மீதியைப் போடுகிறார். நீங்கள் வெளிநாட்டுவாசி ஆனதும் விதி வேறு. வெளிநாட்டில் உட்கார்ந்து செய்த வேலையாக இருந்தாலும், அதை இந்தியாவில் பயன்படுத்துகிறார்கள் என்றால், தொழில்நுட்பச் சேவைக் கட்டணம் என்ற பெயரில் இந்தியா வரி கேட்கும். உச்ச நீதிமன்றம் 2007இல் ஒரு ஜப்பான் நிறுவனத்தின் வழக்கில் சேவை இந்தியாவில் செய்யப்பட்டிருக்கவும் வேண்டும் என்று சொன்னது. பிறகு சட்டத்தையே திருத்தி அந்த வாசலை அடைத்துவிட்டார்கள். விகிதம் 10 சதவீதமாக இருந்தது, 2023 ஏப்ரலிலிருந்து 20 ஆகிவிட்டது, செஸ் தனி. ஜெர்மனியோடு இந்தியா போட்ட இரட்டை வரி ஒப்பந்தத்தில் இதற்கு உச்சவரம்பு 10 சதவீதம். தனிநபர் தொழில்முறைச் சேவைக்கென்று அதில் வேறு ஒரு பிரிவும் இருக்கிறது, இந்தியாவில் உங்களுக்கென்று நிலையான அலுவலகம் இல்லையென்றால் அதன் கீழ் இந்தியாவில் வரியே இல்லாமலும் போகலாம். லோகோ எதில் வரும், வலைத்தளம் எதில் வரும் என்பதில் இரண்டு ஆடிட்டர் இரண்டு விதமாகச் சொல்வார்கள். எதுவாக இருந்தாலும் ஒப்பந்தத்தின் சலுகை வேண்டுமென்றால், ஃபினான்ஸ்ஆம்டிலிருந்து நீங்கள் இங்கே வரி கட்டும் குடிவாசி என்று ஒரு சான்றிதழ் வாங்கி, 10எஃப் என்று வழங்கும் படிவத்தையும் இணையத்தில் தாக்கல் செய்து, இரண்டையும் கிளையன்ட்டின் ஆடிட்டருக்கு அனுப்ப வேண்டும். 2026 ஏப்ரலில் புதிய வருமான வரிச் சட்டம் வந்ததிலிருந்து பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறிவிட்டன. ஆடிட்டர்கள் பேச்சில் இன்னும் பழைய எண்கள்தான் ஓடுகின்றன, அதனால் எண்ணை வைத்துச் சண்டை போடாமல் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

ஏன் இவ்வளவு தலைவலி என்று கேட்கலாம். 20 பிடித்துவிட்டால் ஜெர்மனியில் கழித்துக்கொள்ளலாமே? ஒப்பந்தம் அனுமதிக்கும் அளவுக்குத்தான் ஜெர்மனி கழித்துக் கொடுக்கும். இந்தியா 10 எடுக்க வேண்டிய இடத்தில் 20 எடுத்துக்கொண்டால், மீதி 10ஐ இந்தியாவில் ரிட்டர்ன் போட்டுத்தான் திரும்ப வாங்க வேண்டும். ஃபினான்ஸ்ஆம்டைக் கேட்டால் அது உங்களுக்கும் இந்தியாவுக்கும் இடையில் உள்ள விஷயம் என்று பணிவாகக் கடிதம் எழுதுவார்கள்.

ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து வரும். வெளிநாட்டிலிருந்து வாங்கும் சேவை இறக்குமதிக் கணக்கில் வருவதால், 18 சதவீதத்தை உங்களுக்குப் பதிலாகக் கிளையன்ட்டே கட்டி (ரிவர்ஸ் சார்ஜ் என்பார்கள்), பிறகு தான் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே ஜி.எஸ்.டி. எண் வைத்திருக்கும் திருப்பூர் ஏற்றுமதிக்காரருக்கு இது ஒரு வரி என்ட்ரி. ஜி.எஸ்.டி. எண்ணே இல்லாத ஆர்.எஸ்.புரம் பேக்கரிக்காரருக்கு இதற்காகவே பதிவு செய்ய வேண்டிய நிலை வரும், அவர் உங்களை விட்டுவிட்டுப் பக்கத்துத் தெருப் பையனைப் பிடித்துக்கொள்வார். அவரைக் குறை சொல்ல முடியாது. கிளம்பும் முன்பே எந்தக் கிளையன்ட் இந்தச் சுமையைத் தாங்குவார், எவர் தாங்கமாட்டார் என்று நீங்களே பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில்தான் அந்த யோசனை வரும். யாராவது ஒரு மாமா கண்டிப்பாகச் சொல்வார்: "எதுக்கும்மா இவ்வளவு? உங்க அப்பா பேர்ல பில் போடு. அவர் கணக்குல வாங்கிக்கட்டும். உனக்கு வேணும்கறப்ப அனுப்பிடுவார்." கேட்க நன்றாக இருக்கும். வேலை செய்தது நீங்கள், வருமானம் உங்களுடையது. அப்பா பெயரில் பில் போட்டதால் ஜெர்மனியின் கண்ணில் அது மாறாது, கூடவே ஓய்வூதியம் வாங்கும் மனிதரை ரிட்டர்னில் தொழில் வருமானம் காட்ட வைத்திருப்பீர்கள். அவருக்கு ஒரு நோட்டீஸ் வந்தால் பதில் சொல்லத் தெரியாமல் முழிப்பார். இரண்டு நாட்டு வரி அலுவலகங்களும் வங்கிக் கணக்குத் தகவல்களை ஆண்டுதோறும் பரிமாறிக்கொள்ளும் காலம் இது. வேண்டாம்.

பணம் வாங்குவதில் இன்னொரு நடைமுறைச் சிக்கல். உங்கள் கிளையன்ட்டுகளில் பாதிப் பேர் ஜிபேயில்தான் போடுவார்கள் என்று நினைக்கிறேன். என்.ஆர்.ஓ. கணக்கை வெளிநாட்டு எண்ணோடு யு.பி.ஐ.யில் இணைக்க 2023இல் அனுமதித்தபோது சிங்கப்பூர், அமீரகம், அமெரிக்கா, பிரிட்டன் என்று 10 நாட்டு எண்களுக்குத்தான் கொடுத்தார்கள், அந்தப் பட்டியலில் ஜெர்மனி இல்லை. வங்கிக் கணக்குக்கு நேரடியாக நெஃப்டில் போடச் சொல்லிவிடுங்கள். யூரோவில் நேரே ஜெர்மன் கணக்குக்கு அனுப்பச் சொல்லலாம்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் வங்கிக்குப் படிவம், ஆடிட்டர் சான்று என்று அவர் அலைய வேண்டும். 15,000 ரூபாய் லோகோவுக்கு யாரும் அலையமாட்டார்கள்.

வேலை நேரம்? இதைப் பற்றித்தான் எல்லாரும் கவலைப்படுகிறார்கள், உண்மையில் இது அவ்வளவு மோசம் இல்லை. மார்ச் கடைசி ஞாயிறிலிருந்து அக்டோபர் கடைசி ஞாயிறு வரை இந்தியா மூன்றரை மணி நேரம் முன்னால். குளிர்காலத்தில் நான்கரை. கோவையில் கடை திறக்கும் காலை 10 மணிக்கு இங்கே குளிர்காலத்தில் ஐந்தரை. டிசம்பர் ஐந்தரை என்றால் ஜன்னலுக்கு வெளியே நட்டநடு ராத்திரி மாதிரி இருக்கும். ஹீட்டர் இன்னும் சூடாகாத சமையலறையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு, பிள்ளை எழுந்துவிடக் கூடாதே என்று குசுகுசு என்று பேசிக்கொண்டிருப்பேன். அந்தப் பக்கத்தில் ஆட்டோ ஹார்ன், டீ கிளாஸ் சத்தம், "மேடம், என்ன மேடம் வாய்ஸ் டல்லா இருக்கு?" ஒரு குளிர்காலம் முழுக்க இப்படிச் செய்துவிட்டு, அடுத்த வருடம் எல்லாருக்கும் ஒரே செய்தி அனுப்பினேன்: இந்திய நேரம் மதியம் 12 முதல் 6 வரை போன் எடுப்பேன், மற்ற நேரத்தில் எழுதி அனுப்புங்கள். ஒருவர்கூடக் கோபித்துக்கொள்ளவில்லை. சென்னைக்காரர்கள் ஆறரைக்குக் கடையை மூடும்போது இங்கே மதியம் இரண்டு. அதற்குப் பிறகு ஒரு போனும் வராது. ஊரில் எனக்கு இப்படி ஒரு மதியம் கிடைத்ததே இல்லை. அமெரிக்காவுக்குப் போயிருந்தால் இதே வேலை ராத்திரி வேலையாகியிருக்கும்.

நிஜமான இழப்பு வேறு ஒன்றில். வசூல். ஊரில் இருந்தபோது பாக்கி வைத்திருக்கும் ஆபீஸுக்கு நேரில் போய், ரிசப்ஷனில் உட்கார்ந்து, அவர்கள் கொடுக்கும் காபியைக் குடித்துவிட்டு, "சார் இருக்காரா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டால் ஒரு மணி நேரத்தில் செக் வந்துவிடும். ஐயாயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவளிடம் "ஆடிட்டர் ஊர்ல இல்லைங்க, திங்கக்கிழமை கண்டிப்பா" என்று சொல்வது மிகவும் சுலபம். ஒரு பதிப்பகம் எனக்கு ஏழு மாதம் இப்படித் திங்கட்கிழமை காட்டியது. கடைசியில் என் தம்பி போய் உட்கார்ந்தான். அதிலிருந்து புதியவர் யாராக இருந்தாலும் பாதித் தொகை முன்பணம், மீதி கைக்கு வந்த பிறகுதான் அச்சுக்கான கோப்பு. நீங்களும் வலைத்தளத்தை உங்கள் சர்வரிலேயே காட்டி, பணம் வந்த பிறகு அவர்கள் டொமைனுக்கு மாற்றிக் கொடுங்கள். கிளம்பும் முன் பாக்கி எல்லாவற்றையும் நேரில் போய் வாங்கிவிடுங்கள்.

விலை விஷயத்தில் ஒரு வேடிக்கை நடக்கும். வெளிநாடு போய்விட்டீர்கள் என்று தெரிந்ததும் சிலர் "இப்ப நீங்க யூரோவுல இருக்கீங்க, எங்களுக்குக் கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்பார்கள், யூரோவில் நமக்கு யாரோ படி அளக்கிற மாதிரி. இதில் உறவைக் கெடுத்துக்கொள்ளாமல் நான் செய்தது: பழைய விலைக்குப் பழைய வேலை, புதிய வேலைக்குப் புதிய விலை. கோவை சந்தையில் லோகோவுக்கு என்ன விலையோ அதைத் தாண்டி உங்களுக்காக யாரும் கொடுக்கப்போவதில்லை. ஆனால் திருப்பூர் ஏற்றுமதிக்காரர்கள் வேறு. அவர்களுடைய வாங்குபவர்கள் இருப்பதே இந்தப் பக்கம்தான். ஜெர்மன் வாங்குபவருக்குப் பட்டியல் புத்தகம், கண்காட்சிக்கு பேனர், ஜெர்மன் மொழியில் வலைத்தளம் என்று இங்கே இருப்பவர்தான் செய்ய முடிகிற வேலை உண்டு. அதற்கு அவர்கள் மூன்று மடங்கு கொடுக்கத் தயங்கமாட்டார்கள். எனக்கு அப்படிப்பட்ட கிளையன்ட்டுகள் இல்லை, பதிப்பகங்களுக்கு ஃபிராங்க்ஃபர்ட் புத்தகக் கண்காட்சி வருடத்துக்கு ஒரு முறைதான். உங்களுக்கு இருக்கிறார்கள். காப்பீட்டுக் கோட்டைத் தாண்டுவதென்றால் இவர்களை வைத்துத் தாண்டுங்கள், பேக்கரி லோகோவை வைத்து வேண்டாம்.

கடைசியாக, சின்னதாகத் தெரியும் ஒரு சங்கதி. இந்திய வங்கி, வருமான வரித் தளம், ஆதார், எல்லாவற்றுக்கும் ஓ.டி.பி. உங்கள் இந்திய எண்ணுக்குத்தான் வரும். நான் போஸ்ட்பெய்டில் ரோமிங் பில் கட்டிக் கட்டி அலுத்து, இரண்டாம் வருடம் அதை அப்படியே விட்டுவிட்டேன். எண் போய்விட்டது. வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். வங்கியில் எண்ணை மாற்ற நேரில் வரச் சொன்னார்கள், ஒரு கையெழுத்துக்காக அடுத்த விடுமுறை வரைக்கும் கணக்கில் இருந்த பணத்தைத் தொட முடியவில்லை. அதனால் கிளம்பும் முன் எண்ணை ப்ரீபெய்டுக்கு மாற்றி, சர்வதேச ரோமிங்கை இயக்கி, செல்லுபடி முடியும் தேதியைக் காலண்டரில் குறித்துவிட்டு வாருங்கள். சிம்மைப் பழைய போன் ஒன்றில் போட்டு வீட்டிலேயே வைத்துவிடலாம். என்னுடையது மசாலா டப்பாவுக்குப் பக்கத்தில் சார்ஜரில் தொங்குகிறது. அது 'டிங்' என்றால் வீட்டில் எல்லாருக்கும் தெரியும், யாரோ பணம் போட்டிருக்கிறார்கள், அல்லது ரீசார்ஜ் தேதி வந்துவிட்டது.